வாசலில் ஒரு எண்ணெய்ச் சொட்டு

சகோதரிகளே, இது காரைப் பற்றிய விஷயம் என்று தெரிந்ததும் "இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் போன வருஷம் வரை அப்படித்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இஞ்சின் என்றால் பானெட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு கறுப்புச் சாமான் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் குக்கர் கேஸ்கட் எப்போது இறுகிப்போகும், வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும் அல்லவா? அது தெரிந்தால் பாதி இஞ்சின் தெரிந்த மாதிரிதான் என்று எனக்கு ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. வெள்ளை நிறம். 1997-இல் என் அப்பா வாங்கியது. அவருக்குக் கண் பார்வை மங்கியதும், "நீ ஓட்டு சாமி, சும்மா நின்னா வண்டி கெட்டுப் போயிரும்" என்று எனக்குக் கொடுத்துவிட்டார். முப்பத்தெட்டு வயசில் லைசென்ஸ் எடுத்தேன். ஓட்டப் பழகிய நாட்களில் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களை இன்னும் மறக்கவில்லை. அது கிடக்கட்டும். இந்த மாடல் 1983 டிசம்பரில் வந்தது, 2014-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் உடுமலைப் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எங்கள் வண்டி கார்புரேட்டர் வைத்த பழையது. ஏ.சி. கிடையாது.

என் கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் வீட்டில் நானும் அத்தையும் சின்னவனும்தான். சின்னவனுக்கு ஒன்பது வயசு. அவனுக்கு இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நடுராத்திரியில் நெஞ்சு கீச் கீச் என்று சத்தம் போடும். அந்த நேரத்தில் ஆட்டோவைத் தேடிக்கொண்டு தெருமுனையில் நின்ற அனுபவம் உள்ள தாய்மார்களுக்கு, வாசலில் ஒரு கார் நிற்பது என்றால் என்ன தைரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஆனி மாசம் வாக்கில் கார் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழ ஆரம்பித்தது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். பிறகு தோசை அளவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன் மேல் மணலைத் தூவி, ஒரு கோணிச் சாக்கையும் போட்டு மூடி வைத்தேன்! கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "வண்டியைத் தள்ளிவிடு" என்பார் என்று பயம். ஏற்கெனவே ஒரு பழைய இரும்புக்காரர் 25,000 ரூபாய் தருகிறேன் என்று இரண்டு தரம் வந்து கேட்டுப் போயிருந்தார். அப்பாவின் வண்டி. என் கையில் இருக்கும் ஒரே வண்டி. அதனால் மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து ஆயில் டப்பா வாங்கி, நானே ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அதிலும் ஒரு கூத்து. ஆயில் குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆயில் நிற்க வேண்டும். எனக்கு அது தெரியாது. இரண்டு கரண்டி நெய் கூட விட்டால் பொங்கல் கெட்டா போகும் என்ற நினைப்பில் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றி வைத்தேன். ஒழுகல் இன்னும் அதிகமானது. ஆயில் அளவுக்கு மேல் போனால் உள்ளே சுழலும் உருப்படிகள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், உள்ளே அழுத்தம் ஏறும், சீல் வழியாகவெல்லாம் வெளியே தள்ளும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆவணியில் ஒரு பட்டறையில் விட்டேன். இஞ்சினின் தலையில் மூடி மாதிரி இருக்கிறதே, டேப்பெட் கவர் என்பார்கள், அதன் பேக்கிங்கை மாற்றிவிட்டோம் என்றார்கள். இரண்டு மாசம்கூட ஆகவில்லை, மறுபடி அதே வட்டம். இந்தத் தடவை இன்னொரு தொந்தரவும் சேர்ந்துகொண்டது. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும், வடைச் சட்டியில் எண்ணெய் காந்தினால் வருமே, அந்த மாதிரி ஒரு நெடி உள்ளே வந்தது. சிக்னலில் நின்றால் பானெட் ஓரத்தில் லேசாகப் புகையும் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி சின்னவனுக்கு இளைப்பு வந்து பொள்ளாச்சி டாக்டரிடம் கூட்டிப் போனேன். கொட்டுகிற மழை. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டோம். கேட்க வேண்டுமா? அந்த நெடி முழுக்க உள்ளேயே நின்றது. பையன் இருமி இருமிச் சோர்ந்து பாட்டி மடியில் படுத்துவிட்டான். டாக்டர் மருந்துப் புகை வைத்து, மூச்சு சீரான பிறகு என்னைக் கேட்டார்: "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" இல்லை என்றேன். "கொசுவத்தி? விறகடுப்பு? சாம்பிராணி?" எல்லாவற்றுக்கும் இல்லை. "எந்தப் புகையும் இவனுக்கு ஆகாதும்மா. எங்கேயிருந்து வருதுன்னு பாருங்க" என்றார். எனக்கு யாரோ முதுகில் அடித்த மாதிரி இருந்தது. இளைப்புக்கு மருந்து வாங்கக் கூட்டிப் போகிற வண்டியிலேயே புகையை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தேடியிருக்கிறேன்!

திரும்பி வரும்போது இன்னொன்றும் நடந்தது. முன்னால் மீட்டர் பலகையில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. ராத்திரி, மழை, கூட வயசானவரும் சீக்காளிப் பிள்ளையும். வீடு வரட்டும் என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். கடவுள் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த விளக்கு எரிந்தால் இஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்த வேண்டும். ஓட்டினால் சில நிமிஷத்திலேயே உள்ளே உருப்படிகள் ஒன்றோடொன்று தேய்ந்து இஞ்சினே சிக்கிக்கொள்ளும். எரிபொருள் முள் மாதிரி "இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்கிற விளக்கு அல்ல அது.

மறுநாள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணல், சாக்கு, மளிகைப் பணம் எல்லாம். கோபிப்பார் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்புள்ளே, இத்தனை நாளா இதை மூடியா வெச்சிருந்தே?" என்றார். அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதே பட்டறைக்கு அவரும் வந்தார். இஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஆயில் சொட்டுவதைக் காட்டி, "பின்பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருச்சு சார். கியர் பாக்ஸை இறக்கணும். இறக்குறதோட இறக்குறது, கிளட்சும் மாத்திரலாம், இஞ்சினையும் போர் பண்ணிரலாம்" என்றார்கள். மொத்தம் 32,000 ரூபாய்! இரும்புக்காரர் கொடுக்கும் விலையை விட 7,000 அதிகம். வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "வித்துரலாம்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பீரோவிலிருந்து என் இரண்டு வளையலை எடுத்து ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்தேன்.

அதை அத்தை பார்த்துவிட்டார். எங்கள் அத்தைக்குக் கண் எதையும் விடாது. "எதுக்கு அம்மிணி அது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம தோட்டத்துக் கிணத்துல ஆயில் இஞ்சின் ஓடுச்சே, அதைப் பார்த்தவரு இன்னும் இருக்காருல்ல? அப்புறம் கார் மெக்கானிக்கா வெகுநாள் இருந்தாரு. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளு. வளையல் எங்கே ஓடிப் போகுது" என்றார்.

பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். இப்போது பட்டறை எல்லாம் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு தகரப் பெட்டிதான். வந்தவர் காரைத் தொடவே இல்லை. "பழைய பேப்பர் இருக்குதுங்களா?" என்று கேட்டு, நாலைந்து தாளை விரித்து இஞ்சினுக்கு அடியில் பரப்பச் சொன்னார். முன் சக்கரம் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டார். "ராத்திரி நிக்கட்டும். காலையில வர்றேனுங்க" என்று போய்விட்டார்.

காலையில் பேப்பரைக் கையில் எடுத்து, நாம் காய்கறியைப் பார்ப்பது மாதிரி விரலில் தொட்டு, மோந்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எனக்கும் சொல்லிக் கொடுத்தார். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் இஞ்சின் ஆயில். கெட்டியாகக் கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். பச்சை நிறத்தில் தண்ணீர் மாதிரி, இனிப்பு வாசனையோடு இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். (அதை நாய், பூனை, குழந்தைகள் நக்கிவிடாமல் உடனே கழுவ வேண்டும். விஷம்.) சக்கரத்து ஓரமாக, மெல்லிய எண்ணெய் போல வெளிர் நிறத்தில் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கும், வண்டியை எடுக்கவே கூடாது. ஏ.சி. வண்டியில் வெறும் தண்ணீர் சொட்டினால் பயப்பட ஒன்றும் இல்லை. எங்களுடையது இஞ்சின் ஆயில்தான், சந்தேகமில்லை.

"அடியில சொட்டுற இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதுங்க அம்மிணி. கூரை ஒழுகும்போது தண்ணி ஒரு பக்கம் எறங்கி, விட்டத்தோட ஓடி, வேற பக்கம்தானே சொட்டும்? ஆயிலும் அப்படித்தான். மேலே எங்கே ஈரம் தொடங்குதோ அதுதான் ஓட்டை" என்றார்.

பானெட்டைத் திறந்தால் எல்லா இடமும் ஈரம், எல்லா இடமும் புழுதியும் எண்ணெயும் கலந்த களி. எங்கே தொடங்குகிறது என்று யார் கண்டது? அதனால் முதலில் குளிப்பாட்டினார். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஆயில் ஊற்றும் மூடி, கார்புரேட்டர் வாய், கரன்ட் ஒயர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷுமாகத் தேய்த்தார். துணியால் துடைத்து, அரை நாள் வெயிலில் காய விட்டார். ஈரம் காயாமல் ஸ்டார்ட் செய்தால் நெருப்புப் பிடிக்கும் என்று இரண்டு தரம் சொன்னார்.

பிறகு, "வெள்ளையா ஏதாச்சும் பொடி இருந்தா கொண்டாங்க" என்றார். நான் ஓடிப் போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். பெரியவர் சிரித்துவிட்டார். "இது கல்லுப் பொடிங்க. பெல்ட்டுக்குள்ள போனா அரைச்சுப் போடும். குழந்தைக்குப் போடுற பவுடர் இல்லீங்களா?" சின்னவனின் பவுடர் டப்பாவும் பவுடர் அடிக்கும் பஞ்சும் வந்தன. டேப்பெட் கவர் ஓரம், அதன் பக்கவாட்டு, பின்பக்கம் எல்லாம் மெல்லிசாகத் தட்டிவிட்டார். வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு என் இஞ்சின் கல்யாணப் பெண் மாதிரி நின்றது! அதோடு விடவில்லை. கை நுழையாத இடத்தைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியும் டார்ச் லைட்டும் கேட்டார். "அடுத்தது கண் மை கேப்பாரு" என்று அத்தை முணுமுணுத்தார்.

வண்டியை ஷெட்டுக்குள் வைத்து ஸ்டார்ட் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. தெருவில் நிறுத்தித்தான் ஓட விட்டார். அடைத்த இடத்தில் இஞ்சின் ஓடினால் வரும் புகையில் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும், உயிரையே எடுத்துவிடும். என்னைப் பார்த்து, "முந்தானையை இழுத்துச் சொருகுங்க. பின்னலையும் கட்டிப் போடுங்க. வளையலைக் கழட்டி வெச்சுட்டு வாங்க" என்றார். முந்தானையும் பின்னலும் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்பது புரிந்தது. வளையல் ஏன்? உலோக வளையல் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரேசமயம் தொட்டால், ஒரு நொடியில் கை வெந்துவிடுமாம். ரேடியேட்டர் விசிறியையும் நம்பக் கூடாது. சாவி போட்டிருந்தால், சூடு ஏறியதும் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும்.

கொஞ்ச நேரம் ஓட விட்டு, பிறகு தளி ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் நானே ஓட்டிவிட்டு வந்தேன். பானெட்டைத் திறந்ததும் பெரியவர் டார்ச்சை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் இரண்டு பழுப்புக் கோடுகள், குழந்தை கன்னத்தில் கண்ணீர் வழிந்த தடம் மாதிரி! ஒன்று டேப்பெட் கவர் விளிம்பில் தொடங்கி, சூடான புகைக் குழாய்ப் பக்கம் இறங்கியது. காந்தல் நெடிக்குக் காரணம் அதுதான். இன்னொன்றைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. இஞ்சின் தலையின் ஓரத்தில், கியர் பாக்ஸுக்கு நேர் மேலே, டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று செருகியிருக்கிறது. மூன்று சிலிண்டருக்கும் முறை வைத்து மின்பொறி அனுப்பும் சாமான் அது. அதன் கழுத்திலிருந்து ஆயில் கசிந்து, நேராகக் கீழே இறங்கி, இஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குப் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் "பின்பக்கத்து சீல்" என்று காட்டினார்களே, அதே இடம்! 32,000 ரூபாய்க்கு எதை இறக்கி எதை மாற்றியிருந்தாலும் இது ஒழுகிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏமாத்தப் பார்த்திருக்காங்க" என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. அடியில பார்த்தா எவனுக்கும் அப்படித்தான் தோணும். மேலே பார்க்கறதுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்" என்றார். அவர் பெரிய மனசு. எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பெரிய மனசு வரவில்லை.

இஞ்சின் போர் செய்ய வேண்டுமா என்பதையும் பார்த்துவிட்டார். மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே காட்டினார். லேசாக மூச்சு விடுவது மாதிரி காற்று வந்தால் சாதாரணம். குபுகுபுவென்று புகையாகத் தள்ளினால், சைலன்ஸரிலும் நீலப் புகை வந்தால், உள்ளே ரிங்கு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் வண்டி அப்படிப் புகை தள்ளவில்லை. ஆனாலும் மூச்சு சற்று அதிகம் என்றார்.

அதற்கும் காரணம் கிடைத்தது. டேப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. இஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி. கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பு அல்வா மாதிரி அடைத்துக் கிடந்தது! "குக்கர்ல வெயிட் துவாரம் அடைச்சுக்கிட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டார். கேஸ்கட் வழியாகத் தள்ளும் என்றேன். "அதேதான் இங்கேயும். வழியை அடைச்சு வெச்சுக்கிட்டு எத்தனை பேக்கிங் போட்டாலும் நிக்காது" என்றார்.

பழைய டேப்பெட் பேக்கிங்கைக் கழற்றியபோது அதன் யோக்கியதையும் தெரிந்தது. புதுசாக மாற்றியதாகச் சொன்னார்களே, மாற்றவே இல்லை. பழைய ரப்பரையே வைத்து, சுற்றிலும் சிலிக்கான் பசையைக் கை நிறையப் பூசி, நட்டை வெறியோடு முறுக்கியிருந்தார்கள். ரப்பர் வளைத்ததும் கண்ணாடி வளையல் மாதிரி பட்டென்று ஒடிந்தது. அளவுக்கு மேல் பூசிய பசை உள்பக்கமும் பிதுங்கியிருந்தது. அந்தத் துணுக்கு உடைந்து அடியில் போனால் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும் என்று பெரியவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அன்று ராத்திரி மினுக்கிய சிவப்பு விளக்கை நினைத்து எனக்கு அடிவயிறு கலங்கியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளிம்பை மரத்துண்டால் சுரண்டித் துடைத்து, புது பேக்கிங் வைத்து, நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரையும் மாற்றி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். குக்கர் மூடியை உடைக்கிற மாதிரி அழுத்தி மூடுவோமா? அதே பக்குவம்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அது நிற்கும் நிலையைக் கோடு கிழித்து அடையாளம் வைத்துக்கொண்டார். கொஞ்சம் திரும்பினாலும் டைமிங் மாறி, வண்டி இழுக்காது. கழுத்தில் இருந்த ரப்பர் வளையம் கல்லாக இறுகிப் போயிருந்தது. புது வளையத்தில் ஆயிலைத் தடவிச் செருகி, டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்து முடுக்கினார். இந்த வேலையை மட்டும் நாமாகச் செய்துபார்க்க வேண்டாம், சகோதரிகளே. பேப்பர் விரிப்பது, குச்சி பார்ப்பது வரை நம் வேலை. அதேபோல் வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது, கணவரானாலும் விடாதீர்கள்.

செலவைக் கேளுங்கள். ரப்பர் வளையம் 40 ரூபாய். டேப்பெட் பேக்கிங்கும் வாஷரும் 280. ரப்பர் குழாய் 130. ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றியது 1,350. பெரியவர் கூலி கேட்கவே மாட்டேன் என்றார். வற்புறுத்தி 1,000 ரூபாயும், அத்தை பங்குக்கு ஒரு படி நிலக்கடலையும் கொடுத்தோம். கைக்குட்டையில் முடிந்திருந்த வளையல் மறுபடி பீரோவுக்குப் போயிற்று.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற அவர் விடவில்லை, தென்னை மரத்தடியிலும் ஊற்ற விடவில்லை. மண்ணும் கிணறும் கெட்டுப்போகும். கேனில் மூடி, பழைய ஆயில் சேகரிப்பவரிடம் சேர்ப்பதாக எடுத்துப் போனார். கையில் பட்டிருந்த கறுப்புக்கு நான் பெட்ரோல் தேடப்போக, அதற்கும் திட்டு விழுந்தது. பழைய இஞ்சின் ஆயிலே தோலுக்கு ஆகாது, அதன் மேல் பெட்ரோலா? கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, அரப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். நகக் கண்ணைத் தவிர எல்லாம் போய்விட்டது. வாசல் கறைக்கு மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி ஊற விட்டுப் பெருக்கினேன். பிறகு சலவை சோடாவும் தென்னந் துடைப்பமும். ஆறு மாசத்துக் கறையாயிற்றே, நிழல் மாதிரி ஒரு தடம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதன் மேல் கோலம் போட்டால் ஒட்ட மாட்டேன் என்கிறது.

அன்று தொடங்கி தினமும் ராத்திரி காருக்கு அடியில் ஒரு பேப்பர் போடுவேன். காலையில் பால் வாங்கப் போகும்போது முதல் வேலையாக அதை எடுத்துப் பார்ப்பேன். முதல் நாள் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு மிளகு அளவுக்கு ஒரே ஒரு சொட்டு! என் உயிரே போய்விட்டது. கையில் பேப்பரோடு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். பெரியவர் பார்த்துவிட்டு, "மேலே பழைய ஆயில் எங்காச்சும் தங்கியிருந்தது எறங்குது. இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்றார். அதன் பிறகு சொட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி சமதரையில் நின்று ஆறியிருக்கும்போது, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பது இப்போது எனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி வழக்கமாகிவிட்டது. காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஆயில் கணக்கும் எழுதுகிறேன்.

சின்னவனுக்கு இளைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மார்கழிப் பனியில் இரண்டு தரம் வந்தது. ஆனால் காரில் ஏறினால் இருமுவது நின்றுவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டி மடியில் தூங்கிக்கொண்டே வருகிறான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். சரியாகப் பார்வை தெரியாது அவருக்கு. பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே, "சத்தம் நல்லா இருக்குது. டேப்பெட் கவர் தொறந்தியா?" என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். ரப்பர் குழாய் அடைத்திருந்ததைச் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "வருஷா வருஷம் நான் கழட்டி ஊதி மாட்டுவேன் சாமி. உனக்குக் கொடுக்கும்போது அதை மட்டும் சொல்ல மறந்து போயிட்டேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "அம்மிணி வண்டி ரிப்பேர் பண்ணிட்டு வந்திருக்குது, காப்பி வையி" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.